திராட்சைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரு துளி ரத்தமும்

கன்று ஈன்று பத்து நாள் ஆன மாடு. நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. மடியில் வீக்கமும் இல்லை. ஆனால், நான்கு நாட்களாக அடர் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வைக்கோலை மட்டும் கடிக்கிறது. பால் நாளுக்கு நாள் இறங்குகிறது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. அருகில் போனால் மூச்சில் பழம் போன்ற ஒரு இனிப்பு வாடை.

இப்படி ஒரு மாட்டை உங்கள் கொட்டகையிலும் நீங்கள் பார்த்திருக்கலாம். செரிமானக் கோளாறு என்று கை வைத்தியம் செய்திருப்பீர்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டிருப்பீர்கள். கால்நடை மருத்துவர் வந்தால் அவர் செய்வது வேறு. வாலைத் தூக்கி, அடிப்பக்கத்து ரத்தக்குழாயில் ஊசியால் ஒரு துளி ரத்தம் எடுக்கிறார். கைக்கு அடக்கமான கருவியில் செருகிய பட்டையில் அதை வைக்கிறார். சில நொடிகளில் ஒரு எண் தெரிகிறது. அந்த எண் உயர்ந்திருந்தால், மாடு தின்னும் தீவனம் போதாமல் தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துப் பால் சுரக்கிறது என்று அர்த்தம். இதன் பெயர் கீட்டோசிஸ்.

வெளியே ஒன்றும் தெரியாதபோது ரத்தத்தைக் கேட்க வேண்டும் என்ற வழியைப் போட்டுக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பிரான்ஸ் நாட்டின் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். ரத்தச் சர்க்கரை பற்றிப் படிக்கும் எந்த மருத்துவ மாணவரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், அந்தக் கருவி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதும் உங்களுக்குப் பிடிபடும்.

மருந்துக் கடைப் பையன்

பிரான்ஸில் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிய குன்றுகள் முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். போஜொலே என்று அந்தப் பகுதிக்குப் பெயர். அங்கே சான் ஜூலியான் என்ற கிராமத்தில் 1813 ஜூலை 12 அன்று பெர்னார்ட் பிறந்தார். அப்பா திராட்சை விவசாயி. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பாதிரியார் பையனுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தார். பிறகு பக்கத்து ஊர்களில் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்தார். படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை.

படிப்பை முடிக்க வழியில்லாமல், 1832 வாக்கில் லியோனின் புறநகரான வேஸ் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையைக் கூட்டுவது, புட்டிகளைக் கழுவுவது, மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் லியோன் கால்நடை மருத்துவப் பள்ளி இருந்தது. உலகிலேயே முதலில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவப் பள்ளி அதுதான். நோய்வாய்ப்பட்ட விலங்குகளுக்கான மருந்தை அங்கே எடுத்துப் போவதும் பெர்னார்டின் பொறுப்பு.

அந்தக் கடையில் எல்லா நோய்க்கும் கொடுக்கப்படும் ஒரு பழைய லேகியம் இருந்தது. தேரியாக் என்று அதற்குப் பெயர். கெட்டுப்போன சரக்கு, மீந்துபோன கஷாயம் எல்லாம் அந்தப் பானைக்குள்தான் போகும். ஒவ்வொரு முறையும் அதில் சேர்வது வேறு வேறு பொருள். ஆனாலும், ஜனங்கள் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். குணமானவர் மருந்தால் குணமானாரா, தானாகக் குணமானாரா என்று யாரும் பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்காத மருத்துவத்தின் மேல் பெர்னார்டுக்கு ஏற்பட்ட சந்தேகம் அங்கேயே விதை போட்டது.

ஆனால், அப்போது அவர் மனம் முழுக்க நாடகத்தில் இருந்தது. அவர் எழுதிய ஒரு சின்ன நகைச்சுவை நாடகம் லியோனில் மேடை ஏறி, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும் கொடுத்தது. அந்தத் துணிச்சலில் ஐந்து அங்கச் சரித்திர நாடகம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு 1834-ல் பாரிஸுக்குப் போனார். அங்கே சான் மார்க் ஜிரார்தன் என்ற பெயர்பெற்ற விமர்சகர் அதைப் படித்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது, மருத்துவம் படித்து முதலில் பிழைப்புக்கு வழி தேடிக்கொள்ளும்படி அறிவுரை சொன்னார். பெர்னார்ட் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு அறிவுரை நாடக உலகத்துக்கு எவ்வளவு நஷ்டமோ தெரியாது. மனிதருக்கும் மாட்டுக்கும் அது லாபம்.

தோல்விகளுக்கு நடுவே

பாரிஸ் மருத்துவக் கல்லூரியிலும் அவர் முன்வரிசை மாணவர் இல்லை. மருத்துவமனைப் பயிற்சிக்கான தேர்வில் தேறினார், ஆனால் பட்டியலில் கடைசிப் பக்கமாகத்தான். 1841-ல் பிரான்சுவா மஜாந்தி என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தபோதுதான் அவர் யார் என்பது வெளிப்பட்டது. அறுவைச் சோதனையில் அவர் கை அத்தனை சுத்தம். பார்வை அத்தனை கூர்மை. மஜாந்தி கருத்துச் சொல்வதைவிடச் செய்து பார்ப்பதை நம்புபவர். இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

1843-ல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆசிரியர் பதவிக்கான தேர்வில் தோற்றார். கையில் காசு இல்லை. ஊருக்கே திரும்பிக் கிராம மருத்துவராக இருந்துவிடலாம் என்று எண்ணினார். நண்பரும் வேதியியல் அறிஞருமான பெலூஸ் ஒரு வழி சொன்னார். பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகள் ஃபன்னி மார்த்தன். 1845-ல் அவருக்கும் பெர்னார்டுக்கும் திருமணம் நடந்தது. அந்தப் பெண் கொண்டுவந்த சீதனப் பணத்தில் ஆராய்ச்சி தொடர்ந்தது. அதற்கான விலையை அந்தக் குடும்பம் பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

மேசை மேல் முயல் விட்ட மூத்திரம்

1846-ல் ஒரு நாள். சோதனைக்காகச் சந்தையிலிருந்து முயல்கள் வாங்கி வந்தார்கள். அவற்றை மேசை மேல் விட்டபோது சிறுநீர் கழித்தன. பெர்னார்ட் கண்ணில் ஒன்று பட்டது. சிறுநீர் தெளிவாக இருந்தது. சோதித்தபோது புளிப்புத் தன்மை காட்டியது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். புல் தின்னும் விலங்கின் சிறுநீர் பொதுவாகக் கலங்கலாக, காரத்தன்மையோடு இருக்கும். உங்கள் மாட்டின் சிறுநீரும் காரத்தன்மை உள்ளதுதான். தெளிவாக, புளிப்பாக இருப்பது இறைச்சி தின்னும் விலங்குகளின் சிறுநீர். முயல் எப்போது இறைச்சி தின்றது?

பெர்னார்ட் யோசித்தார். சந்தையில் இருந்த முயல்களுக்கு வெகு நேரமாகத் தீனி வைத்திருக்க மாட்டார்கள். பட்டினி கிடக்கும் விலங்கு எதைக்கொண்டு உயிர் வாழும்? தன் உடம்பையே கொண்டு. அப்படியானால் பட்டினி கிடக்கும் முயல், தன் சதையையே தின்னும் இறைச்சி விலங்காக மாறிவிட்டது. உடனே புல் போட்டார். சில மணி நேரத்தில் சிறுநீர் கலங்கி, காரத்தன்மைக்குத் திரும்பியது. மறுபடி பட்டினி போட்டார். மறுபடி தெளிந்து புளித்தது. பல தடவை மாற்றி மாற்றிச் செய்தார். குதிரையை வைத்தும் பார்த்தார். முடிவு ஒன்றுதான். கடைசியாக முயலுக்கு வேகவைத்த மாட்டிறைச்சியை ஊட்டிப் பார்த்தார். அப்போதும் சிறுநீர் தெளிவாகப் புளித்தே வந்தது.

வெறும் மேசை மேல் சிந்திய சிறுநீரிலிருந்து, வெளியே நன்றாகத் தெரியும் ஒரு விலங்கு உள்ளே தன்னையே தின்றுகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்த கதை இது. கன்று ஈன்ற மாட்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். ஈன்ற முதல் இரண்டு மூன்று வாரங்களில் பால் வேகமாக ஏறும். தீனி எடுக்கும் அளவு அந்த வேகத்தில் ஏறாது. தொட்டியில் தீவனம் நிறைய இருக்கலாம். உடம்பின் கணக்கில் அது பட்டினி. அந்தப் பற்றாக்குறையை மாடு தன் முதுகுக் கொழுப்பிலிருந்து ஈடுகட்டுகிறது.

எந்தக் குழாயில் எடுத்த ரத்தம்?

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது இதுதான்: சர்க்கரையைச் செடிகள் மட்டுமே உண்டாக்கும். விலங்குகள் அதைத் தின்று எரிக்கும், தாங்களாக உண்டாக்க முடியாது. தூமா போன்ற பெரிய வேதியியல் அறிஞர்களே அப்படித்தான் சொன்னார்கள். தின்ற சர்க்கரை உடம்பில் எந்த இடத்தில் அழிகிறது என்று தேடப் புறப்பட்டார் பெர்னார்ட்.

சர்க்கரையைக் கண்டறிய அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று, தாமிரம் கலந்த நீல நிறத் திரவம். சர்க்கரை உள்ள நீரோடு சேர்த்துக் காய்ச்சினால் நீலம் மாறிச் செங்கல் நிறம் வரும். நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரை நம் மருத்துவமனைகளில் காய்ச்சிப் பார்த்த காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே வகைச் சோதனைதான்.

1848-ல் ஒரு நாய்க்கு மாவுச்சத்துள்ள உணவு கொடுத்து, கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை இருந்தது. எதிர்பார்த்ததுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு நாய்க்கு வெறும் இறைச்சி மட்டும் போட்டார். அதன் ரத்தத்தில் சர்க்கரை இருக்கக் கூடாது. ஆனால், இருந்தது. குடலில் துளி சர்க்கரை இல்லை. ரத்தத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அவர் நின்று யோசித்தார். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயிலும் முதலில் சர்க்கரை தெரிந்தது. சர்க்கரை குடலிலிருந்து வருகிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். குடலில்தான் சர்க்கரை இல்லையே என்று அவருக்கு உறுத்தியது. வயிற்றைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, கல்லீரல் ரத்தம் அந்தக் குழாய்க்குள் பின்வாங்கி வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அடுத்த முறை திறந்த உடனே குழாய்களை ஆங்காங்கே நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு எடுத்தார். இப்போது கணக்கு நேரானது. கல்லீரலுக்குள் போகும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் நிறைய இருக்கிறது. விலங்கு தானே சர்க்கரையை உண்டாக்குகிறது. உண்டாக்கும் இடம் கல்லீரல்.

ஒரே விலங்கு, ஒரே நேரம். ரத்தம் எடுத்த இடம் மாறினால் பதிலும் மாறும். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் தேவைப்படும்.

மறுநாள் கூடிய சர்க்கரை

அடுத்த பாடம் ஒரு அவசரத்தில் கிடைத்தது. கல்லீரலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளக்கும்போது அவர் ஒரே கல்லீரலில் இரண்டு தடவை அளப்பது வழக்கம். ஒரு நாள் நேரம் போதவில்லை. ஒரு அளவை விலங்கு இறந்ததும் எடுத்தார். இன்னொன்றை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார். மறுநாள் எடுத்த அளவில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

கை தவறிவிட்டது என்று தள்ளிவிடுவது எளிது. அவர் தள்ளவில்லை. முன்பு எடுத்த அளவுகள் ஏன் கூடியும் குறைந்தும் வந்தன என்பதற்கு இதுதான் காரணமோ என்று பார்த்தார். 1855-ல் அப்போதுதான் இறந்த விலங்கின் கல்லீரலை எடுத்து, அதன் குழாய் வழியே சுமார் 40 நிமிடம் குளிர்ந்த நீரைப் பாய்ச்சிக் கழுவினார். வெளியே வரும் நீரில் சர்க்கரை துளியும் இல்லாத வரை விடவில்லை. அந்தக் கல்லீரலை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் அதில் மறுபடி சர்க்கரை ஊறியிருந்தது. சர்க்கரையாக மாறக்கூடிய ஏதோ ஒன்றைக் கல்லீரல் சேமித்து வைத்திருக்கிறது என்று புரிந்தது. 1857-ல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைகோஜன்.

நெல்லைக் குதிரில் போட்டு வைத்து வேண்டும்போது எடுத்துக் குத்துவதைப் போல, கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, ரத்தத்தில் குறையும்போது கொடுக்கிறது. மாட்டின் கல்லீரலுக்கு இந்த வேலை இன்னும் கடினம். மாடு தின்னும் மாவுச்சத்தின் பெரும்பகுதியை அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. குடல் வழியாகச் சர்க்கரை மிகக் கொஞ்சமே கிடைக்கும். தனக்கு வேண்டிய சர்க்கரையில் ஏறத்தாழ முழுவதையும் அந்த அமிலங்களிலிருந்தும் மற்றப் பொருள்களிலிருந்தும் கல்லீரலே தயாரித்தாக வேண்டும். இது பெர்னார்டுக்குப் பின்னால் வந்தவர்கள் கண்டது.

ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் வரை பால் சர்க்கரை இருக்கிறது. இருபது லிட்டர் கறக்கும் மாடு தினமும் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான சர்க்கரையைப் பாலில் மட்டும் வெளியே அனுப்புகிறது. அதைச் செய்ய முடியாதபோது கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் திணறுகிறது. எரிந்து முடியாத கொழுப்பு கீட்டோனாக ரத்தத்தில் தேங்குகிறது. அது கூடக் கூட மாட்டுக்குப் பசி அடங்குகிறது. பசி அடங்கினால் தீனி குறைகிறது. தீனி குறைந்தால் கொழுப்பு இன்னும் கரைகிறது. சுழலில் சிக்கிய கதைதான்.

வீட்டில் விழுந்த விரிசல்

இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. உயிரோடு இருந்த நாய்களையும் முயல்களையும் அறுத்துத்தான் பெர்னார்ட் இதைக் கண்டார். மயக்க மருந்து அப்போதுதான் புழக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்த காலம். ஒரு முறை வயிற்றில் குழாய் பொருத்திய நாய் ஒன்று அவர் இடத்திலிருந்து தப்பி ஓடிவிட்டது. அது அந்தப் பகுதிக் காவல் அதிகாரி வளர்த்த நாய் என்பது பிறகுதான் தெரிந்தது. பெர்னார்ட் நேரில் போய் ஒப்புக்கொண்டு, நாயைக் குணமாக்கிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினார். அந்த அதிகாரி அவருக்கு நண்பராகவே ஆகிவிட்டார்.

வீட்டில் அப்படி முடியவில்லை. மனைவிக்கு இந்தச் சோதனைகள் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் விலங்குகளுக்காக வெளிப்படையாகவே நின்றார். ஆண் குழந்தைகள் பிஞ்சிலேயே இறந்துபோனார்கள். மகள்கள் இருவரும் அம்மா பக்கம். பின்னாளில் சட்டப்படி கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். நாடே கொண்டாடிய மனிதர் கடைசிக் காலத்தைத் தனியாகவே கழித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டை வீட்டில் ஒருவராக வளர்க்கும் உங்களுக்கு அந்த மனைவியின் வருத்தம் புரியும். மாடு கண் முன்னே இளைத்துக் காரணம் தெரியாமல் தவித்தவர்களுக்குப் பெர்னார்டின் பிடிவாதமும் புரியும். இன்று வாலில் ஒரு ஊசிக் குத்தோடு முடிகிற சோதனைக்குப் பின்னால் எத்தனை விலங்குகளின் உயிர் இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும். அந்தச் சோதனையைச் சரியாகச் செய்வது நாம் அவற்றுக்குச் செய்யும் நன்றி.

மறுபடி திராட்சைத் தோட்டத்துக்கு

பதவிகள் வரிசையாக வந்தன. 1854-ல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அதே ஆண்டில் அறிவியல் கழக உறுப்பினர். மஜாந்தி 1855-ல் இறந்ததும் அவர் இடம். ஆனால், வேலை செய்த இடமோ ஈரம் கசியும் நிலவறை போன்ற கூடம். 1860-களின் தொடக்கத்தில் உடம்பு விழுந்தது. பெர்னார்ட் சான் ஜூலியானுக்குத் திரும்பினார். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கியிருந்தார். இப்போது அங்கே அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. எத்தனை பெரிய ஆளாக ஆன பிறகும் இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடைக்கு ஊருக்கு வந்துவிடுவது அவர் வழக்கம்.

அந்த ஓய்வுக் காலத்தில் எழுதிய புத்தகம் 1865-ல் வந்தது. மருத்துவத்தில் சோதனை முறையை எப்படிக் கையாள வேண்டும் என்பதை விளக்கும் நூல். முயல் கதையும் கல்லீரல் கதையும் அதில் இருக்கின்றன. அவருடைய பெரிய கருத்து ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீன் தண்ணீரில் வாழ்வதைப் போல, உடம்பின் ஒவ்வொரு அணுவும் ரத்தம் முதலான உள் நீரில் வாழ்கிறது. வெளியே வெயிலோ மழையோ, அந்த உள் நீரின் சூடு, சர்க்கரை, உப்பு எல்லாம் ஒரு அளவில் நிற்க வேண்டும். நிற்கும் வரை ஆரோக்கியம். பண்ணையில் செய்யும் ரத்தச் சோதனைகள் எல்லாம் அந்த அளவு நிற்கிறதா என்று பார்ப்பவைதான்.

1877 இலையுதிர் காலத்தில் கடைசியாக ஊருக்கு வந்தபோது திராட்சை ரசம் எப்படிப் புளிக்கிறது என்று சோதனை செய்தார். அந்தக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு வெளிவந்தன. அதில் அவர் எண்ணியது தவறு என்று லூயி பாஸ்டர் சோதனை செய்து காட்டினார். பெரியவர் சொன்னதையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பது பெர்னார்டே போட்டுக்கொடுத்த வழி. 1878 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் அவர் காலமானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பிரான்ஸில் ஒரு அறிவியலாளருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள். ஈன்ற ஓரிரு நாளில் மாடு எழ முடியாமல் கழுத்தைத் திருப்பிப் படுத்துவிடும் பால் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து விழுந்துவிடுவதே காரணம் என்பதை 1925-ல் பிரிட்டனில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவர்களும் கேட்டது ரத்தத்தைத்தான்.

உங்கள் கொட்டகையில்

பெர்னார்டின் பாடங்களை இனி உங்கள் மாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

எந்த இடத்து ரத்தம்: வால் ரத்தக்குழாயிலோ கழுத்து ரத்தக்குழாயிலோ எடுக்க வேண்டும். வயிற்றின் அடியில் புடைத்துத் தெரியும் பால் நரம்பில் எடுப்பது எளிது என்று அங்கே எடுக்கக் கூடாது. மடியைக் கடந்து வரும் ரத்தம் அது. கீட்டோனின் ஒரு பகுதியை மடி எடுத்துக்கொண்டிருக்கும். எண் குறைவாகக் காட்டும். நோய் உள்ள மாடு நல்ல மாடாகத் தெரியும். தவிர, அந்த நரம்பில் குத்தினால் ரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்தும் உண்டு.

எந்த நேரத்து ரத்தம்: தீனி தின்ற பிறகு சில மணி நேரம் கீட்டோன் அளவு ஏறி இறங்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுங்கள். எடுத்த ரத்தத்தை உடனே பட்டையில் வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் மருத்துவர் தரும் குப்பியில், அவர் சொன்ன நேரத்துக்குள் கொடுங்கள். சாதாரணக் குப்பியில் வைத்த ரத்தத்தில் உள்ள சர்க்கரையை ரத்த அணுக்களே தின்று தீர்த்துவிடும். மறுநாள் அளவு உண்மை சொல்லாது.

எந்த நாளில்: மாடு நன்றாக இருக்கும்போதே சோதிப்பதில்தான் பயன். ஈன்ற ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை பார்த்துவிடுவது நல்லது. போன ஈற்றில் இந்தத் தொந்தரவு வந்த மாடு, சினையில் அதிகம் கொழுத்த மாடு, அதிகப் பால் கறக்கும் மாடு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

எந்த எண்: கீட்டோன் அளவு லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தொட்டால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 3-ஐத் தொட்டால் பெரும்பாலும் அறிகுறிகளும் தெரியத் தொடங்கிவிடும். இதற்குக் கீட்டோன் பட்டைதான் வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டை கீட்டோனைக் காட்டாது.

சிறுநீரும் பேசும்: கீட்டோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டைகளும் உண்டு. ரத்தச் சோதனை அளவுக்குத் துல்லியம் இல்லாவிட்டாலும் ஊசி வேண்டாம், செலவும் குறைவு. பால் காய்ச்சலைத் தடுக்க நிறைமாதச் சினை மாட்டுக்குச் சிலவகைத் தாது உப்புகளை மருத்துவர் தருவதுண்டு. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் சிறுநீரின் காரத்தன்மை குறைகிறதா என்பதை வைத்துத்தான். முயல் சொல்லிக் கொடுத்த பாடம் இன்றும் பயன்படுகிறது.

எண் உயர்ந்திருந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வாய்வழி கொடுக்கும் கிளைகால் மருந்து, ரத்தத்தில் ஏற்றும் குளுக்கோஸ் என்று மாட்டின் நிலைக்கு ஏற்ப வழிகள் இருக்கின்றன. படுத்துவிட்ட மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்தை நீங்களாக நரம்பில் ஏற்றாதீர்கள். வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும். எத்தனையோ மாடுகள் நோயில் தப்பி, இந்த அவசரத்தில் போயிருக்கின்றன.

வராமல் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. பால் வற்றிய காலத்தில் மாட்டை அளவுக்கு மீறிக் கொழுக்கவிடாதீர்கள். ஈன்ற மறுநாளே அடர் தீவனத்தை அள்ளிக் கொட்டாமல், ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நல்ல பசுந்தீவனமும் குறையாத தண்ணீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஈன்ற மாட்டின் தொட்டியில் தினமும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் கூடுகிறதா? ரத்தத்தைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மேசை மேல் சிந்திய சிறுநீரைத் துடைத்துவிட்டுப் போகாமல், இது ஏன் இப்படி என்று நின்று பார்த்தவர் பெர்னார்ட். உங்கள் கொட்டகையில் உங்களைவிட அதிக நேரம் நிற்பவர் யாரும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஒன்று கண்ணில் பட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.